முதியோரும் நோயாளிகளும் வளர்க்கும் வாயில்லா ஜீவன்கள்: நம் கடமை என்ன?

(யானைக்கவுனி பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் ஆற்றிய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகன் அல்லாஹ் ஒருவனுக்கே. அகிலத்தாருக்கு அருட்கொடையாக வந்த நம் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி நடந்த நல்லோர் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "மிம்பரில் ஏறி நின்று பூனையைப் பற்றியா பேசுவது? பேச எவ்வளவோ பெரிய விஷயங்கள் இருக்கிறதே" என்று தோன்றலாம். எனக்கும் ஒரு நாள் அப்படித்தான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்றுவரை நான் தவ்பா செய்துகொண்டிருக்கிறேன். அந்தச் சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாயார். எழுபது வயதைத் தாண்டியவர். பெயர் வேண்டாம். கணவர் மவ்த்தாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மகன் வளைகுடா நாட்டில், மகள் வெளியூரில். வால்டாக்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய ஒண்டுக் குடித்தன வீட்டின் மாடியில் ஒரே அறை. அந்த அறையில் அவருக்கு இருக்கும் ஒரே துணை ஒரு பூனை. ராணி என்று அதற்குப் பெயர்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வருகிறேன். வாசலில் காத்திருந்தார். காலில் கட்டு. "ஹஜரத், சர்க்கரைப் புண்ணு. டாக்டரு உடனே வந்து பெட்ல சேருங்கங்கறாரு. பத்து நாள் ஆகுமாம். ராணிக்குச் சோறு வைக்க ஒரு ஆளு மட்டும் பாத்துக் குடுங்க, நான் போய்ச் சேந்துடறேன்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பூனைக்கு என்னம்மா, அல்லாஹ் பாத்துக்குவான். நீங்க முதல்ல உடம்பப் பாருங்க" என்றேன். சொல்லிவிட்டு அடுத்தவரிடம் பேசத் திரும்பிவிட்டேன்.

அவர் மருத்துவமனைக்குப் போகவில்லை. தெரிந்த இரண்டு பேரைக் கேட்டிருக்கிறார். ஒருவர், "காசிமேட்டுல கொண்டு விட்டுடலாம்மா, மீனத் தின்னு பொழச்சிக்கும்" என்று சொல்லிக் கோணிப்பையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். இவர் அழுது திருப்பி அனுப்பிவிட்டார். இப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது. கடைசியில் காய்ச்சலில் விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாகிவிட்டது.

பார்க்கப் போனேன். முதலில் சொன்ன அன்றே வந்திருந்தால் காப்பாற்ற வாய்ப்பு இருந்தது என்று மருத்துவர் சொன்னார். அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ராணிக்கு யாராச்சும் சோறு வெச்சாங்களா ஹஜரத்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சந்துக்கு வந்து விசாரித்தேன். பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை ஒன்று காலையில் தண்ணீர் வைத்திருக்கிறது. கீழே இரும்புக் குழாய்க் கடைக்கு மீன்பாடி வண்டி ஓட்டும் ஓர் அண்ணன், முஸ்லிம் அல்ல, தினமும் நெத்திலித் தலையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து மாடிப்படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரே பார்த்து, அவரே செய்தார்.

மிம்பரில் நின்று ரஹ்மத்தைப் பற்றிப் பேசுகிற நான் செய்யாததை, பயான் கேட்காத ஒருவர் செய்தார். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். "அல்லாஹ் பாத்துக்குவான்" என்பது உண்மைதான். ஆனால் அந்த வார்த்தையை நம் சோம்பலுக்குப் போர்வையாக ஆக்கக்கூடாது. அல்லாஹ் பார்த்துக்கொள்வதற்காகத்தான் அந்தத் தாயை என் வாசலுக்கு அனுப்பினான். நான் அதைத் தட்டிவிட்டேன்.

மத்யன் கிணற்றடியில் நடந்தது

சகோதரர்களே! அன்று இரவு வீட்டில் ஸூரத்துல் கஸஸ் ஓதிக்கொண்டிருந்தேன். எத்தனையோ முறை ஓதிய இடம். 23, 24-வது வசனங்கள் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து உயிர் தப்பி மத்யனுக்கு வருகிறார்கள். கையில் காசு இல்லை, தங்க இடம் இல்லை, தெரிந்த முகம் இல்லை. பசி, களைப்பு. ஊர்க் கிணற்றடியில் ஆடு மாடுகளுக்குத் தண்ணீர் இறைக்கும் கூட்டம். அதற்கு ஒதுங்கி இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மூஸா (அலை) போய் விவரம் கேட்கிறார்கள். இடையர்கள் எல்லாரும் போனபிறகுதான் எங்கள் முறை வரும், எங்கள் தகப்பனாரோ ரொம்ப வயதானவர் என்ற கருத்தில் அந்தப் பெண்கள் பதில் சொல்கிறார்கள். உடனே மூஸா (அலை) அவர்களுக்காக ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டினார்கள். பிறகு நிழலில் போய் உட்கார்ந்து, இறைவா, நீ எந்த நன்மையை எனக்கு இறக்கினாலும் அது எனக்குத் தேவைப்படுகிறது என்று இரந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். இது என்ன வேலை? வயதான ஒருவரால் தன் ஜீவன்களைப் பராமரிக்க முடியவில்லை. அந்த வேலையை, அவரைத் தெரியாத ஓர் இளைஞர் செய்து கொடுக்கிறார். அந்த முதியவர் ஷுஐப் (அலை) அவர்களா, அல்லது வேறொரு நல்லடியாரா என்பதில் குர்ஆன் விரிவுரையாளர்களிடையே இரண்டு கருத்து உண்டு. யாராக இருந்தாலும், அவருக்கு முதுமை, ஜீவன்களுக்குத் தாகம். அந்த இரண்டையும் ஒரு நபி தன் தோளில் ஏற்றுக்கொண்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மூஸா (அலை) ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. "முடியாத வயதில் உங்கள் அத்தாவுக்கு எதற்கு ஆடு? விற்றுவிட வேண்டியதுதானே?" என்று கேட்கவில்லை. நாம் முதலில் கேட்பதே அதுதான். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா பூனை?" என்கிறோம். நாம் கேட்பது கேள்வி அல்ல. உதவி செய்யாமல் தப்பிக்க ஒரு வழி.

அந்த ஒரு வாளித் தண்ணீருக்குப் பின்னால் என்ன வந்தது? வீடு வந்தது. வேலை வந்தது. குடும்பம் வந்தது. நுபுவ்வத்தை நோக்கிய பாதையே அந்தக் கிணற்றடியிலிருந்து திறந்தது.

கப்பாப் (ரலி) வீட்டு ஆடு

நம் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கைக்கு வருவோம். கப்பாப் இப்னு அல்-அரத் (ரலி) அவர்களின் மகளார் அறிவிப்பதாக முஸ்னத் அஹ்மதில் ஒரு செய்தி வருகிறது. கப்பாப் (ரலி) ஒரு படைப்பிரிவில் வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் ஆண் துணை இல்லை. நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டாரை விசாரித்து வருவார்கள். அவர்கள் வீட்டு ஆட்டிலிருந்து பாலையும் கறந்து கொடுப்பார்கள். பெரிய பாத்திரம் நிறைந்து வழியும். கப்பாப் (ரலி) திரும்பி வந்து கறந்தபோது பால் பழைய அளவுக்குப் போய்விட்டது என்கிறார் அந்த மகள்.

மதீனாவின் தலைவர். படைகளை அனுப்புகிறவர், தூதுக் குழுக்களைச் சந்திக்கிறவர், இரவெல்லாம் நின்று வணங்குகிறவர். அவர்களுக்கு இன்னொருவர் வீட்டு ஆட்டின் பக்கத்தில் குந்தி உட்கார நேரம் இருந்தது. நமக்கு நேரம் இல்லை!

அபூபக்ர் (ரலி) அவர்களும் இப்படித்தான். தங்கள் பகுதியிலிருந்தவர்களின் ஆடுகளில் பால் கறந்து கொடுத்து வந்தார்கள். கலீஃபாவாக ஆனதும் ஒரு சிறுமி, இனி நம் ஆட்டைக் கறக்க இவர் வரமாட்டார் என்று சொன்னாளாம். அதைக் கேட்ட அபூபக்ர் (ரலி), நிச்சயம் வருவேன், நான் ஏற்ற பொறுப்பு என் பழைய குணத்தை மாற்றிவிடாது என்று நம்புகிறேன் என்ற கருத்தில் சொல்லி, முன்போலவே வந்து கறந்து கொடுத்தார்கள். இப்னு ஸஅத் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். உடலின் ஒவ்வொரு மூட்டுக்கும் தினமும் ஸதகா கடமை. அந்த ஸதகாக்களை எண்ணும்போது நபி (ஸல்) அவர்கள் ஒன்றைச் சேர்த்தார்கள்: ஒரு மனிதருக்கு அவருடைய வாகனப் பிராணியின் விஷயத்தில் உதவுவதும் ஸதகா. அவரை ஏற்றிவிடுவது, அவர் சாமானைத் தூக்கி வைப்பது, எல்லாம் ஸதகா. மனிதருக்கு உதவுவதையும், அவருடைய பிராணிக்கான வேலையையும் ஒரே இடத்தில் சேர்த்துச் சொன்னார்கள் பாருங்கள்.

"ஆடு பால் தரும். பூனை என்ன தரும்?"

சிலர் இப்படிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் அபூ உமைரின் குருவியில் இருக்கிறது.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர், சின்னப் பிள்ளை. ஒரு சிறு குருவியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். அது செத்துப்போனது. பிள்ளை வாட்டமாக இருந்தது. நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்கு வந்தபோது, அந்தப் பிள்ளையைச் செல்லமாக அழைத்து, குருவி என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது இருக்கிறது. அந்தக் குருவி பால் தரவில்லை, முட்டை தரவில்லை. ஓர் உள்ளத்துக்குத் துணையாக இருந்தது. அந்த உள்ளத்தின் துக்கத்தை உலகத்தின் தலைவர் மதித்தார்கள்.

பிள்ளைக்கே அப்படி என்றால், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத முதியவருக்கு? மகன் வாரத்துக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்பில் பேசுகிறான். மற்ற நேரமெல்லாம் அந்த அறையில் அசையும் உயிர் அந்தப் பூனைதான். காலையில் அது வந்து காலை உரசுவதால்தான் அந்தத் தாய் எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறார். அதற்கு வைக்கும்போதுதான் தானும் ஒரு வாய் சாப்பிடுகிறார். அதைப் பிடுங்கிக் கோணிப்பையில் போட்டால், நாம் பிடுங்குவது பூனையை மட்டுமல்ல.

அபூ கதாதா (ரலி) அவர்களின் வீட்டில் நடந்ததைத் திர்மிதியிலும் அபூதாவூதிலும் பார்க்கலாம். அவர்களின் மருமகள் கப்ஷா, மாமனாருக்கு ஒளூவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். ஒரு பூனை வருகிறது. அபூ கதாதா (ரலி) பாத்திரத்தைச் சாய்த்துப் பிடிக்கிறார்கள், அது குடித்து முடிக்கும்வரை. மருமகள் வியந்து பார்ப்பதைக் கண்டு, பூனை அசுத்தமானதல்ல, உங்களைச் சுற்றி வரக்கூடியவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) சொல்லியிருக்கிறார்கள் என விளக்கினார்கள். இதை வைத்துத்தான் ஷாஃபிஈ மத்ஹபில் பூனை வாய் வைத்த தண்ணீர் சுத்தம் என்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் வேறு தண்ணீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது மக்ரூஹ், அவ்வளவுதான். ஆகவே "பூனை இருக்கும் வீட்டில் தொழுகை கூடுமா?" என்று அந்த முதியவர்களைப் பயமுறுத்தாதீர்கள்.

இது யார் பொறுப்பு?

சட்டத்தின் பக்கம் வருவோம். பிராணியை வைத்திருப்பவர் அதற்குத் தீனி கொடுப்பது வாஜிப். பூனையைக் கட்டிப்போட்டுத் தீனியும் தராமல், அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண் அதனால் நரகம் போனாள் என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிமில் உள்ளது. இது எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் உரிமையாளரால் முடியாமல் போனால்? ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் இதற்கு வரிசையே போட்டிருக்கிறார்கள். விற்கவோ வாடகைக்கு விடவோ முடிந்தால் அதைச் செய்ய வேண்டும். உண்ணக்கூடிய பிராணியானால் அறுக்கலாம். இவை எதுவும் முடியாவிட்டால் செலவு பைத்துல் மாலின் பொறுப்பு. அங்கும் இல்லையென்றால் முஸ்லிம்கள் மீது பொறுப்பு. பூனையை அறுக்க முடியாது. அதன் விலையைப் பெறுவதை நபி (ஸல்) தடுத்ததாக முஸ்லிமில் வருகிறது. அப்படியானால் அந்த வரிசையின் கடைசியில் நிற்பது யார்? நாம். இந்த ஸஃப்பில் உட்கார்ந்திருக்கும் நாம். ஒருவர் செய்தால் எல்லாருடைய பொறுப்பும் நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால்? மீன்பாடி வண்டிக்காரர் நம்மைக் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் முன்னோர் இதை அமைப்பாகவே செய்திருக்கிறார்கள். எகிப்தை 1260 முதல் 1277 வரை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் பூனைகளின் உணவுக்காக ஒரு தோட்டத்தையே வக்ஃப் செய்தார் என்று சொல்லப்படுகிறது. பல நூற்றாண்டுகள் கழித்து, 1830-களில் அங்கே வாழ்ந்த ஓர் ஆங்கிலேய அறிஞர், காழியின் முற்றத்தில் அஸர் நேரத்தில் பூனைகளுக்கு உணவு போடப்படுவதை எழுதி வைத்திருக்கிறார்.

இன்று மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். இங்கிலாந்தில் 1985-ல் சின்னமன் டிரஸ்ட் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். முதியவர்களுக்கும், இனிப் பிழைக்க மாட்டார் என்று கைவிடப்பட்ட நோயாளிகளுக்கும் அவர்களுடைய வளர்ப்புப் பிராணிகளைப் பார்த்துக்கொள்ள உதவுவதுதான் அதன் வேலை. தொண்டர்கள் வந்து நாயை நடக்கக் கூட்டிப்போவார்கள். மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். உரியவர் இறந்துவிட்டால் அதன் ஆயுள்வரை பொறுப்பேற்பார்கள்.

அமெரிக்காவில் 2005-ல் கத்ரீனா புயல் வந்தபோது, வளர்ப்புப் பிராணியை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று வெள்ளத்தில் தங்கிவிட்டவர்கள் பலர். அடுத்த ஆண்டே, பேரிடர் மீட்புத் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மனிதனைக் காப்பாற்ற வேண்டுமானால் அவன் பிராணியையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்பதை அவர்கள் ஒரு புயலுக்குப் பிறகு கற்றார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் பார்த்தோம். 2020, 2021-ல் கொரோனா நேரத்தில் வீடு வீடாக ஆட்களை ஆம்புலன்ஸில் ஏற்றியதையும் பார்த்தோம். பூட்டிய கதவுக்குப் பின்னால் ஏதாவது ஜீவன் இருக்கிறதா என்று நாம் எத்தனை பேர் கேட்டோம்?

நாம் என்ன செய்யலாம்?

பயானைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவதில் பயன் இல்லை. செய்யக்கூடியதைச் சொல்கிறேன், மனதில் வையுங்கள்.

ஒன்று: நோயாளியை நலம் விசாரிக்கப் போகும்போது ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேளுங்கள். "வீட்டுல ஏதாச்சும் ஜீவன் இருக்கா? அதுக்குச் சாப்பாடு யார் வைக்கிறாங்க?" பழம், ஹார்லிக்ஸ் பாட்டிலை விட இந்தக் கேள்வி அவருக்குப் பெரிய மருந்தாக இருக்கலாம்.

இரண்டு: பொறுப்பேற்றால் அது அமானிதம். "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவில் விட்டுவிட்டு வருவது மோசடி. அதைப் பிறருக்குக் கொடுத்துவிடவும் நமக்கு உரிமை இல்லை. முடிந்தால் பூனையை அதன் வீட்டிலேயே வைத்து, காலையும் மாலையும் போய்ப் பாருங்கள். இடம் மாறினால் அது மிரண்டு ஓடிவிடும். உரியவர் மருத்துவமனையில் இருந்தால் தினமும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இதற்கு ஒரு நிமிடம் ஆகாது. அவருக்கு அன்றைய இரவு தூக்கம் வரும்.

மூன்று: கொஞ்சம் விவரம் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் அதன் ஈரல் பாதிக்கப்படும். மனிதர்களுக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். நம் மாத்திரையை உடைத்துப் பாலில் கலந்து கொடுத்துவிடாதீர்கள். கர்ப்பிணிப் பெண்களும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பூனையின் கழிவைக் கையால் சுத்தம் செய்யக் கூடாது. அந்த வேலையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கடித்தாலோ பிராண்டினாலோ உடனே சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனையில் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு: மருத்துவம். யானைக்கவுனிப் பாலம் ஏறி இறங்கினால் வேப்பேரி. அங்கே 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும், மாடிப்படி இறங்க முடியாத முதியவருக்கு அது வெகு தூரம். கூடையில் வைத்து, ஆட்டோவில் கொண்டுபோய் ஊசி போட்டுக் கூட்டிவர ஓர் இளைஞர் போதும். தடுப்பூசிச் சீட்டைப் பத்திரப்படுத்திக் கொடுங்கள். வளர்ப்பு நாய் வைத்திருப்பவர்கள் மாநகராட்சியில் உரிமம் எடுக்க வேண்டும். அதற்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், தடுப்பூசிச் சான்றும் கேட்பார்கள். போனில் எழுத்தே தெரியாத வயதானவர் இதை எப்படிச் செய்வார்? ஐந்து நிமிடம் உட்கார்ந்து செய்து கொடுங்கள்.

ஐந்து: தனியாக இருக்கும் பெண்களின் வீடு என்றால் ஒழுக்கத்தைப் பேணுங்கள். பெண் பிள்ளைகளை அனுப்புங்கள், அல்லது மனைவியோடு போங்கள். அனுமதி கேட்டு உள்ளே போங்கள். சாவி கையில் இருக்கிறது என்பதற்காக வீட்டை நோட்டம் விடாதீர்கள். பார்த்ததை வெளியே பேசாதீர்கள்.

"பக்கத்து வீட்டுக்காரர் மாற்று மதத்தவர், அவரிடம் நாய் இருக்கிறது. என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். காவல், வேட்டை, கால்நடை, விவசாயம் போன்ற தேவையின்றி நாம் நாய் வளர்ப்பதை மார்க்கம் விரும்பவில்லை. தினமும் நன்மை குறையும் என்று ஹதீஸ் இருக்கிறது. அது நாம் வளர்ப்பதைப் பற்றியது. தாகித்த நாய்க்குத் தன் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்த மனிதரின் பாவம் மன்னிக்கப்பட்டதும் அதே நபிமொழித் தொகுப்புகளில்தான் இருக்கிறது. அண்டை வீட்டுப் பெரியவர் மருத்துவமனையில் இருந்தால் அவர் நாய்க்குச் சோறும் தண்ணீரும் வையுங்கள். எச்சில் பட்டால் உங்கள் மத்ஹபின் முறைப்படி கழுவிக்கொள்ளுங்கள். ஷாஃபிஈகள் ஏழு தடவை, அதில் ஒன்று மண் கலந்து. ஹனஃபிகள் மூன்று தடவை. கழுவினால் போகக்கூடிய ஒன்றுக்காக, கழுவினாலும் போகாத ஒரு பாவத்தைச் சம்பாதிக்காதீர்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நம் தெருக்களில் ஜைனர், இந்து, கிறிஸ்தவர் எல்லாரும் சுவரோடு சுவராக இருக்கிறோம். அந்தக் கேள்வி நமக்கும்தான்.

இன்னொன்று. புறா வளர்ப்பது வட சென்னையில் நெடுநாள் பழக்கம். நோயாளியான ஒருவரின் மொட்டை மாடிப் புறாக்களுக்குத் தானியம் போடுங்கள், கூண்டைச் சுத்தம் செய்யுங்கள், அது நன்மை. பந்தயம் கட்டிக் காசு வைப்பதற்கு மட்டும் துணை போகாதீர்கள், அது ஹராம். கூண்டில் பச்சைக்கிளி இருந்தால், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைக்கக் கூடாது என்பதை அந்தப் பெரியவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, வனத்துறையிடம் ஒப்படைக்கக் கூடவே போங்கள். மிரட்டாதீர்கள்.

முதியோர்களுக்கு ஒரு வார்த்தை

பின் ஸஃப்பில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, வீட்டிலிருந்து இதைப் படிக்கும் தாய்மார்களே! உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உதவி கேட்க வெட்கப்படாதீர்கள். மத்யனின் அந்த முதியவர் தன் மகளை அனுப்பி, உதவி செய்தவரை வீட்டுக்கே அழைத்தார்.

ஒரு சின்னச் சீட்டில் எழுதி உங்கள் பர்ஸில் வையுங்கள்: என் வீட்டில் இன்ன ஜீவன் இருக்கிறது, சாவி இன்னாரிடம் இருக்கிறது, இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள் என்று. நீங்கள் வழியில் மயங்கி விழுந்தாலும் அந்தச் சீட்டு பேசும். உங்களுக்குப் பிறகு அதை யார் பார்ப்பார்கள் என்பதை இப்போதே ஒருவரிடம் பேசி வையுங்கள். அவர் வாரிசு அல்லாதவராக இருந்தால், செலவுக்காக உங்கள் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அவருக்கு வஸிய்யத் எழுதலாம். ஆலிமிடம் கேட்டு முறையாகச் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ஜீவனுக்காக உங்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் உடலும் அல்லாஹ்வின் அமானிதம்தான். அந்தத் தாயின் இரண்டு விரல்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. உங்கள் விஷயத்தில் அது நடக்க வேண்டாம்.

இன்று ஜும்ஆ முடிந்ததும் பள்ளி அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்திருப்போம். தனியாக இருக்கும் முதியவர், நோயாளி, அவர்கள் வீட்டில் என்ன ஜீவன், பொறுப்பேற்கத் தயாராக இருப்பவர் யார் என்பதை எழுதுங்கள். மஹல்லாவில் உள்ளவர் யாராக இருந்தாலும் சரி, தொழ வருகிறவரா என்று பார்க்க வேண்டாம். முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன். ராணிக்குச் செவ்வாய், வியாழன் என் முறை. மற்ற நாட்களை அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் மீன்பாடி வண்டி அண்ணனும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்கிறார்கள்.

அந்தத் தாய் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். போன வாரம் நான் நெத்திலியோடு படியேறினேன். பூனை என்னைப் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. "புது ஆளு இல்லியா ஹஜரத், பழகிக்கும்" என்றார். என்னை மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுமையில் அல்லாஹ் ஓர் அடியானிடம், நான் நோயாளியாக இருந்தேன், நீ என்னைப் பார்க்க வரவில்லையே என்று கேட்பான் என முஸ்லிமில் வரும் ஹதீஸ் குத்ஸி நமக்குத் தெரியும். இன்ன அடியான் நோயுற்றிருந்தான், அங்கே போயிருந்தால் என்னை அவனிடம் கண்டிருப்பாய் என்ற கருத்தில் அது முடியும். அப்படி அல்லாஹ்வின் அருகாமை கிடைக்கும் இடம் ஒரு குறுகிய மாடி அறையாக இருக்கலாம். கதவைத் திறந்ததும் முதலில் ஒரு பூனை வந்து நம் காலை உரசலாம். அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் முதியவர்களுக்கு ஆஃபியத்தையும் துணையையும் தருவாயாக! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் நாங்கள் செய்த குறைகளை மன்னிப்பாயாக! மத்யன் கிணற்றடியில் மூஸா (அலை) அவர்களுக்குத் தந்த அந்த மனதை எங்கள் வாலிபர்களுக்குத் தருவாயாக! எங்களையும் எங்கள் அண்டை வீட்டாரையும் உன் ரஹ்மத்தில் நனைப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.